நர்ஸ் தேவை, பிளஸ் டூ போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில், வரி விளம்பரப் பக்கத்தில், 'சமையலுக்கு ஆள் தேவை' என்பதற்கும் 'டூவீலர் விற்பனைக்கு' என்பதற்கும் நடுவில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. நர்ஸ் தேவை, பெண்கள் மட்டும், பிளஸ் டூ பாஸ் அல்லது ஃபெயில், அனுபவம் தேவையில்லை, பயிற்சி தரப்படும், தங்குமிடம் உண்டு. கீழே ஒரு செல் நம்பர். நான் 34 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து 2018-ல் ஓய்வு பெற்றவள். காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன், காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

சும்மா இருக்க முடியாமல் அந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு ஆண் குரல். "பொண்ணுக்கு வயசு என்னம்மா, நைட் டூட்டி பாக்குமா?" இரண்டே கேள்விதான். நான் கேட்டேன், நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டுமா என்று. "அதெல்லாம் எதுக்கும்மா, அதான் டாக்டர் இருக்காரே" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு நான் எதற்காக இவ்வளவு கொதிக்கிறேன் என்றே புரியாது. ஊசி போடுகிறவர் எல்லாம் நர்ஸ், வெள்ளை கோட்டு போட்ட பெண் எல்லாம் சிஸ்டர், அப்படித்தான் ஊரில் பேச்சு. வீடு வீடாக வந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கிறார்களே, 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் ஆரம்பித்தபோது எடுக்கப்பட்ட தன்னார்வலப் பெண்கள், அவர்களையும் எங்கள் தெருவில் "நர்சம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாவம், அவர்கள் ஒருநாளும் தங்களை நர்ஸ் என்று சொல்லிக்கொண்டதில்லை. எனக்குக் கோபம், நர்ஸ் இல்லாத ஒருத்தியைத் தெரிந்தே நர்ஸ் என்று சொல்லி நோயாளி பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் மேல்.

நர்ஸ் ஆவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ என்றால் மூன்று வருஷம் (எங்கள் காலத்தில் மூன்றரை), பி.எஸ்சி. நர்சிங் என்றால் நாலு வருஷம். இரண்டிலும் பாதி நாள் வகுப்பில், பாதி நாள் வார்டில். பாஸ் ஆனால் மட்டும் போதாது. சென்னை மயிலாப்பூரில் சாந்தோம் நெடுஞ்சாலையில் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில் இருக்கிறது, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். செவிலியர் என்று ஒரு பதிவு, பிரசவம் பார்க்கத் தாதியர் என்று இன்னொரு பதிவு. இரண்டும் கையில் வந்தால்தான் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற தாதி) என்று போட்டுக்கொள்ளலாம். இது நேற்று முளைத்த சட்டமும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1926-ல், சென்னை மாகாணத்துக்கு என்று வந்த சட்டம், ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. நாடு முழுவதற்கும் 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023-ல் பார்லிமென்டில் புதிதாக ஒரு ஆணையச் சட்டமும் நிறைவேற்றினார்கள். சட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே வருகிறது. பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. இப்போது ஒவ்வொரு நர்ஸுக்கும் நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒரே அடையாள எண்கூட உண்டு.

சரி, ஒரு நம்பருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். ஒரு சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஊர் பேரும் வேண்டாம், அந்த நர்சிங் ஹோம் பேரும் வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு வாந்தி பேதி. இரண்டு நாள் விடாமல் போய், உடம்பில் பொட்டாசியம் இறங்கிவிட்டது. டாக்டர் நல்ல டாக்டர், சரியாகத்தான் எழுதியிருந்தார்: ஒரு பாட்டில் சலைனில் ஒரு ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) கே.சி.எல்., அதாவது பொட்டாசியம் குளோரைடு, கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். ராத்திரி ஒன்பது மணி. டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்தாள், இருபது வயதுகூட இருக்காது, ஆம்பூலை உடைத்தாள், சிரிஞ்சில் உறிஞ்சினாள், நேராக அப்பத்தாவின் கையில் நரம்பில் சொருகியிருந்த வென்ஃப்ளான் குழாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் எழுந்து அவள் கையைப் பிடித்துவிட்டேன். பிடித்தேன் என்பதுகூடச் சரியில்லை, தட்டிவிட்டேன், சிரிஞ்ச் கீழே விழுந்தது. படிக்கிற நர்ஸ்கள், டாக்டர்கள் எல்லாருக்கும் இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த மருந்தைக் கரைசலில் கலந்து மணிக்கணக்கில் ஏற்றினால் உயிர் காக்கும், அதையே சிரிஞ்சில் எடுத்து நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பக்கத்தில் பெரிய ஐ.சி.யூ.வே இருந்தாலும் ஆளைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம். அங்கே இருந்தது ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், அதற்கும் சாவி தேட வேண்டும்.

அந்தப் பெண்ணைத் திட்டினேன். அப்புறம் அவள் அழ ஆரம்பித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிளஸ் டூவில் ஒரு பேப்பர் போச்சாம். பக்கத்து டவுனில் ஏதோ இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாசம் 'நர்சிங்' படித்தாளாம், நாற்பதாயிரம் ரூபாய் கட்டி, அப்பா ஆட்டை விற்றுக் கட்டிய பணம். "எல்லா ஊசியும் இப்படித்தான் ஆன்ட்டி போடுவோம், இது மட்டும் கலக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரலை" என்றாள். உண்மைதான், யார் சொல்லித்தருவார்கள்? அவள் கை நல்ல கை. அப்பத்தாவின் நரம்பு பிடிபடவே பிடிபடாது, ஒரே குத்தில் ஊசியை நிறுத்தியிருந்தாள், என்னால்கூட இப்போது முடியாது. ஆனால் ஊசி குத்தத் தெரிவது நர்சிங்கில் கடைசி அரைக்கால் பாகம். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்காமல் எந்த மருந்தையும் நோயாளி பக்கம் கொண்டுபோகக் கூடாது. மதுரை பெரியாஸ்பத்திரியில் எங்கள் டியூட்டர் சிஸ்டர், மருந்தை அலமாரியில் இருந்து எடுக்கும்போது ஒரு தடவை, சிரிஞ்சில் எடுக்கும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை லேபிளைப் படிக்கச் சொல்லி ஸ்கேலால் விரலில் அடிப்பார். மூன்றரை வருஷம் அடித்தால்தான் அது உடம்பில் ஏறும். ஆறு மாசத்தில் ஏறாது.

ஓராண்டு நர்சிங் உதவியாளர் படிப்பு என்று ஒன்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே உண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. படுக்கை மாற்ற, ஒத்தாசை செய்ய, நோயாளியைக் குளிப்பாட்ட, டெம்பரேச்சர் பார்க்க எல்லாம் ஆள் வேண்டும்தான். உதவியாளரை உதவியாளர் என்று சொல்லுங்கள், மருந்து டிராலியை அவள் கையில் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் என் கோரிக்கை.

நர்சிங் ஹோம்காரர்கள் சொல்கிற பதிலும் எனக்குத் தெரியும். படித்த நர்ஸ் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தங்குவதில்லை. பாதி உண்மை. எங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற நர்சிங் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணினால் ஒரு கை போதாது, வருஷா வருஷம் பெண்கள் படித்து வெளியே வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எங்கே போகிறார்கள் என்றால், எங்கே சம்பளம் இருக்கிறதோ அங்கே. எங்கள் ஊரில் பதிவு பெற்ற ஜி.என்.எம். பெண்ணுக்குப் பேசுகிற சம்பளம் ஒன்பதாயிரம், பத்தாயிரம், அதுவும் பன்னிரண்டு மணி நேர டூட்டிக்கு. சித்தாள் வேலைக்குப் போனால்கூட இதைவிடக் கூடக் கிடைக்கும்.

இதில் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் வந்தாகிவிட்டது. 2016-ல் கோர்ட் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், அதற்குக் கீழே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம், ஆனால் 50 படுக்கைகூட இல்லாத சின்ன ஆஸ்பத்திரியிலும் மாசம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரை செய்தது. கேரளத்தில் நர்ஸுகள் சங்கமாகச் சேர்ந்து ஸ்ட்ரைக் அடித்து, 2018-ல் குறைந்தபட்ச சம்பளம் 20,000 என்று அரசாணை வாங்கிவிட்டார்கள். தேனியில் இருந்து குமுளி மலை ஏறி இறங்கினால் அங்கே ஒரு சம்பளம், இந்தப் பக்கம் ஒரு சம்பளம். அந்த இருபதாயிரம் எங்கள் ஊர் நர்சிங் ஹோம் வாசற்படியை இன்னும் மிதிக்கவில்லை.

தனியாரை மட்டும் சொன்னால் நான் ஓரவஞ்சனை செய்கிறேன் என்பார்கள். அரசு என்ன செய்தது? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமாகப் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கில் நர்ஸ்களை எடுத்தார்கள். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி வந்தவர்களுக்குக் கொடுத்த சம்பளம் 7,700 ரூபாய், தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்தில் நிரந்தரமாகிவிடும் என்று நம்பி வந்த பிள்ளைகள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் மழையில் உட்கார்ந்திருந்தார்களே, டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், என்னோடு அதே வார்டில் நைட் டூட்டி பார்த்த பெண்கள் அதில் இருந்தார்கள். நான் வாங்கிய சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இல்லை, ஆனால் அதே முப்பது படுக்கை, அதே டிரிப்ஸ், அதே வசவு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே எனக்குக் கூச்சமாக இருக்கும். பிறகு சம்பளத்தை ஏற்றினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமும் ஆக்குகிறார்கள், அது வேறு. கொரோனாவில் அவசரத்துக்கு எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள், புத்தாண்டுப் பரிசு. அரசே இப்படி என்றால் தனியார் ஆஸ்பத்திரி முதலாளிக்கு என்ன பயம்?

அடுத்தது, சர்டிபிகேட் விஷயம். என் தங்கை மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சேரும் அன்றைக்கே ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், கவுன்சில் பதிவுச் சான்றிதழ் உட்பட. ரெண்டு வருஷம் பாண்ட், இடையில் போனால் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும். எட்டு மாசத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஒரு இன்டர்வியூ வந்தது, அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகத்தான், ஏஜென்ட் வம்பு இல்லாத வேலை. ஒரிஜினல் காட்ட வேண்டும் என்றார்கள். இவர்கள் கொடுக்கவில்லை. இன்டர்வியூ போச்சு. அவள் படித்து, அவள் பேரில் கவுன்சில் கொடுத்த காகிதம், அடகுக்கடை நகை மாதிரி இன்னொருத்தர் பீரோவில்!

இதில் எனக்குச் சிரிப்பு வருவது என்னவென்றால், வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டுமானால் முதலில் கேட்பதே அந்தப் பதிவைத்தான். பதிவு உண்மைதானா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கவுன்சிலுக்கே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு. எங்கேயோ இருக்கிற ஷேக் வீட்டு நோயாளிக்கு இவ்வளவு பத்திரம். எங்கள் அப்பத்தாவுக்கு "நைட் டூட்டி பாக்குமா?"

பதிவு பெற்றவர்கள் பக்கமும் அலட்சியம் உண்டு, மறைக்க வேண்டாம். பெங்களூரில் போய்ப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நிறையப்பேர் கர்நாடக கவுன்சில் பதிவோடு இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள், இங்கேயும் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது தெரிவதில்லை, தெரிந்தாலும் அலைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 150 மணி நேரம் தொடர் கல்வி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. நல்ல விதிதான், ஆனால் பன்னிரண்டு மணி நேர டூட்டி பார்க்கிறவள் எந்த நேரத்தில் அந்த வகுப்புக்குப் போவாள், லீவு யார் தருவார்கள்? சில இடங்களில் பணம் கட்டிப் பேர் கொடுத்துவிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டுச் சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். என் தோழிகளே செய்திருக்கிறார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எல்லா இடமும் இப்படி என்று சொன்னால் பாவம். எங்கள் ஊரில் இருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது, அங்கே ஒரு கிராம சுகாதார செவிலியர். ஐயாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்பது கணக்கு, அவருக்கு அதற்கு மேலேயே இருக்கும். புதன்கிழமை ஆனால் தடுப்பூசி, மற்ற நாளில் எந்த வீட்டில் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைவு, யார் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மனப்பாடமாகச் சொல்வார். கர்ப்பத்தைப் பதிந்து அவர் வாங்கித்தருகிற பிக்மி நம்பர் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழே சுலபத்தில் வாங்க முடியாது, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையும் கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் யார், எங்கே படித்தார், எங்கே குடியிருக்கிறார், எல்லாம் தெரியும். கேள்வி கேட்க ஒரு முகம் இருக்கிறது. டவுன் நர்சிங் ஹோமில் அந்த முகம் மூணு மாசத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மருந்துக் கடையில் லைசென்ஸைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதேபோல் ஒவ்வொரு தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் மாட்டியிருக்கும் அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே கவுன்சில் பதிவு எண் இருக்கட்டும், அந்த ஷிஃப்டில் பதிவு பெற்ற நர்ஸ் யார் என்று வரவேற்பு மேஜையில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். பதிவு எண் இல்லாதவருக்கு வேறு நிறத்தில் யூனிஃபார்ம், அட்டையில் உதவியாளர் என்று தமிழில். தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பதிவுச் சான்று கொடுப்பதும் புதுப்பிப்பதும் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழியாகத்தானே நடக்கிறது, 1997-ல் போட்ட சட்டம் அதற்குத்தானே. தீயணைப்புச் சான்று, கழிவு அகற்றுகிற சான்று எல்லாம் கேட்கிறவர்கள், நர்ஸ்களின் பதிவு எண் பட்டியலையும் வாங்கி, மயிலாப்பூர் கவுன்சிலுக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். சும்மா பேப்பரில் பட்டியல் கொடுத்துவிட்டு வேறு ஆளை வைத்து ஓட்டுவார்கள், எனக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு ஒருநாள் சொல்லாமல் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். பகலில் வந்தால் பிரயோஜனம் இல்லை, பகலில் எல்லா இடத்திலும் ஒரு படித்த சிஸ்டர் இருப்பார்.

நோயாளியின் வீட்டார் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். "சிஸ்டர், நீங்க ஆர்.என்.னா?" என்று கேட்டால் பதிவு பெற்ற எந்த நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டாள், சந்தோஷம்தான் படுவாள். 34 வருஷத்தில் என்னிடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி சிரிஞ்சோடு வந்த அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்த நர்சிங் ஹோமில் அவளை மறுநாளே நிறுத்திவிட்டார்கள், என்னால்தான், எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. வீட்டைத் தேடிப் போய்ப் பார்த்தேன். போன பேப்பரை எழுதிப் பாஸ் செய்யச் சொல்லி, இப்போது ஜி.என்.எம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன மாசம் லீவில் வந்தவள், "ஆன்ட்டி, கே.சி.எல். பாடம் வந்துச்சு, எனக்குக் கை நடுங்கிருச்சு" என்றாள்.

கடைசியாக உங்கள் அலுவலகத்துக்கே ஒன்று. வரி விளம்பரம் வாங்குகிற கவுன்டரில் இருக்கிறவர்களிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள்: 'நர்ஸ் தேவை' என்று யாராவது கொண்டுவந்தால், கவுன்சில் பதிவு பெற்றவர் என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் 'ஆஸ்பத்திரி உதவிக்கு ஆள் தேவை' என்று மாற்றி எழுதச் சொல்லட்டும். வார்த்தை இரண்டு கூடும், ஆனால் வார்த்தைக் கணக்கில் காசு வாங்குவது நீங்கள்தானே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை மாவட்டம்